மரத்தில் தீத்தடுப்புக் கதவு: விளிம்பில்தான் விஷயம்

சென்னையில் தீத்தடுப்புக் கதவு என்றதும் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஹோட்டல் தாழ்வாரம், மருத்துவமனை, திருமண மண்டபம், புதுப்பித்த பழைய பங்களா போன்ற இடங்களில் மட்டும் கட்டடக் கலைஞர் மரக் கதவுதான் வேண்டும் என்று நிற்பார். செய்ய முடியாத காரியம் இல்லை. 30, 60 நிமிட மரக் கதவுகள் உலகெங்கும் அன்றாடம் தயாராகின்றன. 120 நிமிடம் தாங்கும் மரமுகக் கதவுகளும் உலைச் சோதனையில் தேறியிருக்கின்றன.

தகராறு வருவது ‘எங்கள் இடத்துக்கு ஏற்றாற்போல்’ என்ற சொல்லில். சோதனைச் சான்றிதழ், உலையில் எரித்துப் பார்த்த ஒரு குறிப்பிட்ட கதவுக்குத்தான். வாடிக்கையாளர் கேட்பதோ வேறு உயரம், முகத்தில் ஒட்டும் மெல்லிய மரத்தாளான வெனீரில் வேறு வகை, ஒரு கண்ணாடி, ஒரு செதுக்கல், பிடித்த பித்தளைக் கைப்பிடி. இதில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை ஒரே வரியில் சொல்லலாம்: கதவின் முகத்தில் நிறைய உரிமை உண்டு, விளிம்பில் கிடையாது. நடுப்பலகையை எரித்துத் துளைத்துக்கொண்டு தீ வெளியே வருவது அரிது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள சந்து, கீல், பூட்டு, கண்ணாடி ஓரம், நிலைக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளி, இவற்றின் வழியாகத்தான் அது வருகிறது.

மரம் எரியும், ஆனால் கணக்காக எரியும்

சுமார் 300 டிகிரி செல்சியஸில் மரம் கரியாகிறது. அந்தக் கரி அடுக்கே அடுத்த அடுக்குக்குப் போர்வையாகிவிடுவதால், எரிதல் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் உள்ளே நகரும். ஐரோப்பிய மர வடிவமைப்பு நெறிமுறை தரும் கணக்கு இது: பைன் போன்ற மென்மரத்தில் நிமிடத்துக்கு 0.65 மி.மீ., ஒரு கன மீட்டர் 450 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள வன்மரத்தில் 0.50 மி.மீ. ஆக 30 நிமிடத்தில் 15 முதல் 20 மி.மீ. வரை போகும், 60 நிமிடத்தில் 30 முதல் 39 மி.மீ. வரை. பிரிட்டனில் 30 நிமிடக் கதவு 44 மி.மீ., 60 நிமிடக் கதவு 54 மி.மீ. என்று வழக்கமாக வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். மிச்சப் பருமன் சூட்டையும் வளைவையும் தாங்குவதற்கு.

120 நிமிடத்தில் கரியாவது மட்டுமே 60 முதல் 78 மி.மீ. வரை ஆகிவிடும். முழு மரத்தில் செய்தால் கதவு நான்கு அங்குலம் தடிக்கும், கீல் தாங்காது. அதனால் 120 நிமிடக் கதவின் வயிற்றில் கனிமப் பலகை இருக்கும், மரம் வெளிச்சட்டமாகவும் முகமாகவும் நிற்கும். ‘தேக்கு எரியாது, தேக்கிலேயே செய்துவிடலாம்’ என்ற பேச்சைத் தச்சுப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம். தேக்கு எரியும். கரையான் அண்டாமல் இருப்பதும், ஈரத்துக்கு அதிகம் நெளியாமல் இருப்பதும் அதன் பலங்கள். அவை கதவுக்கு உதவும் பலங்களே தவிர, 120 நிமிடத்தைத் தருபவை அல்ல.

சோதனை உலையின் சூடு குறிப்பிட்ட வளைகோட்டைப் பின்பற்றி ஏறும்: 30 நிமிடத்தில் சுமார் 842 டிகிரி, 60-ல் 945, 120-ல் 1,049. கதவின் மறுபக்கத்தில் இரண்டைப் பார்ப்பார்கள். முதலாவது, தீயும் சூடான வாயுவும் கசிகிறதா என்பது. பஞ்சுத் திண்டைச் சந்தருகே பிடித்தால் பற்றக் கூடாது, சுடர் 10 விநாடிக்கு மேல் நின்று எரியக் கூடாது, 6 மி.மீ. கம்பி சந்தில் நுழைந்து 150 மி.மீ. தூரம் நகரக் கூடாது. இரண்டாவது, மறுபக்க முகம் எவ்வளவு சுடுகிறது என்பது. சராசரி ஏற்றம் 140 டிகிரிக்குள்ளும், எந்த ஒரு புள்ளியிலும் 180 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். நிரப்பில்லாத வெற்று இரும்புக் கதவு முதல் சோதனையில் தேறிவிடும், இரண்டாவதில் சில நிமிடங்களிலேயே தோற்கும். அதன் அருகே நெருங்கி மாடிப்படிக்குள் நுழைய முடியாது. மரம் இயல்பாகவே ஜெயிப்பது இங்கேதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இரும்புக் கதவின் சூடேறிய முகம் விரியும். மரக் கதவின் சூடேறிய முகம் காய்ந்து சுருங்கும். அதனால் மரக் கதவின் மூலைகள் தீயை நோக்கி மடங்கும். கதவு தீப்பக்கம் திறக்கும் வகையாக இருந்தால் அந்த மூலை, நிலையில் கதவு வந்து பதியும் படியை விட்டு விலகிவிடும். கீலும் பூட்டும் இல்லாத மேல் மூலை, அதாவது பூட்டுப் பக்கத்து உச்சி, முதலில் விலகும். எரியும் அறையில் மேல்பாதியில் அழுத்தம் கூடி வாயு வெளியே தள்ளப்படும், கீழ்ப்பாதியில் காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக, பலவீனமான மூலையும் அதிக அழுத்தமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. தோற்றுப்போன மரக் கதவுகளின் கரி அடையாளத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அந்த மூலைதான் முதலில் போயிருக்கும்.

விதி கேட்பது

தேசியக் கட்டட நெறிமுறை 2016-ன் 4-ஆம் பகுதி தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். சென்னையில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அனுமதியுடன் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வெளியேறும் மாடிப்படிக் கூண்டு, லிஃப்ட் லாபி போன்ற வாசல்களுக்குக் கேட்பது 120 நிமிடம். 30, 60 நிமிடக் கதவுகளுக்கு இங்கே இடம் உள்பிரிவுகளில்தான், அதுவும் தீ ஆலோசகர் வரைபடத்தில் அப்படிக் குறித்திருந்தால். வாசலுக்கு வாசல் நிமிடம் மாறும் என்பதால், வேலையை எடுக்கும் முன் கையெழுத்திட்ட தீப் பாதுகாப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. வாய்மொழி நிமிடத்தை நம்பி மரம் அறுக்கக் கூடாது.

கதவுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3614. பிரிட்டனின் பி.எஸ். 476 பகுதி 22, ஐரோப்பாவின் இ.என். 1634-1 ஆகியவற்றின்படி நடந்த சோதனைகளையும் ஒப்பந்தங்களில் பார்க்கலாம். உத்தரகண்ட் மாநிலம் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சோதனைகளை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. எந்தக் கூடத்தின் அறிக்கையானாலும் அதில் பார்க்க வேண்டியவை: சோதித்த கதவின் அகல உயரம், ஒற்றையா இரட்டையா, நிலையின் மரமும் அளவும், கீல் எண்ணிக்கை, பூட்டின் மாதிரி, சந்தை மூடச் சூட்டில் உப்பும் பட்டையின் அளவு, சந்தின் மி.மீ., கண்ணாடி இருந்ததா என்பது. பொதுவாகச் சோதித்ததைவிடச் சிறிய கதவு ஏற்கப்படும். பெரியது வேண்டுமானால் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் எழுத்தில் தர வேண்டும். ஒற்றைக் கதவின் அறிக்கையைக் காட்டி இரட்டைக் கதவு விற்பது ஊரில் நடக்கிறது. அது செல்லாது. இரட்டைக் கதவில் நடுச்சந்து என்ற புதுப் பலவீனம் பிறக்கிறது.

வெளியேறும் கதவு பற்றி நெறிமுறை சொல்லும் மற்றவையும் தச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அகலம் 1,000 மி.மீ.க்குக் குறையக் கூடாது, கூட்டம் கூடும் கட்டடங்களில் 2,000. உயரம் 2,000-க்குக் குறையக் கூடாது. அறையிலிருந்து வெளிப்பக்கம் திறக்க வேண்டும். திறந்தவுடன் படி இறங்கக் கூடாது, கதவின் அகலத்துக்குக் குறையாத சமதளம் வேண்டும். உள்ளிருப்பவர் சாவி இல்லாமல் திறக்க வேண்டும். நகரும் கதவும் சுழலும் கதவும் ஆகாது. கதவில் கண்ணாடி பதித்து நிலைக்கண்ணாடி போலாக்குவதும் கூடாது, ஓடுபவர் வழி தப்புவார். லாபியை அழகுபடுத்துபவர்கள் மறக்கும் விதி இதுதான்.

அளவெடுப்பது

நம் ஊர் வீடுகளில் நிலை முதலில் நிற்கும், சுவர் பிறகு எழும். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நிலை நிறுத்துவார்கள். தலைவாசலுக்கு அது இருக்கட்டும். தீத்தடுப்புக் கதவுக்கு அந்த முறை ஒத்துவராது. பூச்சு வேலையின் ஈரத்தைக் குடித்த நிலை, பூச்சு காய்ந்ததும் சுருங்கும். அதோடு, மரத்தில் காடி வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தில் 3 மி.மீ. கணக்கில் எடுத்த காடி எல்லாம் வீண். சுவரில் வெற்று வாசல் விட்டு, பூச்சும் தரையும் முடிந்து காய்ந்த பிறகு அளவெடுத்து, முடித்த நிலையையும் கதவையும் ஒன்றாகக் கொண்டுவந்து பொருத்த வேண்டும்.

வாசலின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுத்துச் சிறியதைப் பிடியுங்கள். உயரத்தை இரு ஓரத்திலும், இரு மூலைவிட்டங்களையும் எடுங்கள். தரை ஓடு ஒரு பக்கம் சரிந்திருக்கும். கதவு திறந்து போகும் வில் முழுதும் மட்டப்பலகை வைத்துப் பார்க்காவிட்டால், திறக்கும்போது கதவு தரையைத் தேய்க்கும், பிறகு யாராவது அடியை அறுத்துவிடுவார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிலையின் படிவிளிம்புகளுக்கு நடுவே 1,000 மி.மீ. வேண்டும். படி இருபுறமும் 15 என்றால், படிக்காடிகளுக்கு இடையே 1,030. இருபுறமும் 3 மி.மீ. சந்து போக, கதவின் அகலம் 1,024. நிலைச்சட்டத்தின் முகம் 60 மி.மீ. என்றால், காடிக்கு அப்பால் 45 மிஞ்சும், நிலையின் வெளியளவு 1,120. சுவரோடு இருபுறமும் 8 மி.மீ. விட்டால் வாசல் 1,136. உயரத்தில் 2,100 தேவையென்றால் மேற்படி 15 கூட்டி, மேல்சந்து 3, அடிச்சந்து 6 கழித்தால் கதவு 2,106.

கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 60 மி.மீ. தடிமனுள்ள கதவு 90 பாகைக்கு மேல் திறக்க முடியாதபடி பக்கத்தில் சுவர் இருந்தால், திறந்த கதவின் தடிமனே படியைத் தாண்டிச் சுமார் 45 மி.மீ. வழியை மறைக்கும். 1,000 என்று வரைந்தது 955 ஆகிவிடும். கதவைத் தள்ளித் திறக்கும் கம்பி இருந்தால் இன்னும் குறையும். கதவை முழுதும் மடக்க இடமில்லாத இடத்தில் வாசலையே முதலில் அகலமாக்கச் சொல்ல வேண்டும். சுவர் எழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இதே கதவு, கன மீட்டருக்குச் சராசரி 700 கிலோ என்று வைத்தால், சுமார் 90 கிலோ. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கீலும், கதவைத் தானே மூடவைக்கும் க்ளோசரும் இதைப் பார்த்துத்தான் தேர்வாகும்.

வயிறும் சட்டமும்

வயிற்றுக்குக் கால்சியம் சிலிகேட், வெர்மிகுலைட், மெக்னீசியம் ஆக்ஸைடு பலகைகள் வழக்கத்தில் உள்ளன. மெக்னீசியம் ஆக்ஸைடு பலகையில் ஒரு வில்லங்கம்: குளோரைடு கலந்து செய்த வகை, காற்றில் ஈரப்பதம் மிகும்போது உப்பு நீரைக் கசியவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்று எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அந்த உப்பு நீர் கீல் திருகையும் பூட்டின் உடலையும் அரிக்கும், வெனீரில் கறை எழுப்பும். வாங்குவதானால் சல்பேட் வகையா என்று கேளுங்கள். எதுவானாலும் சோதனை அறிக்கையில் உள்ள அதே பலகை, அதே அடர்த்தி. விலை குறைவு என்று வேறு நிறுவனத்துப் பலகைக்கு மாறினால் அறிக்கை கதவை விட்டுப் பிரிந்துவிடுகிறது.

கனிமப் பலகையில் திருகு நிற்காது. மூன்று மாதத்தில் தொய்ந்து தரையைத் தேய்க்கும் கதவுகள் பலவும் அப்படி ஆவது, கீல் திருகு பலகைக்குள் போனதால்தான். சுற்றுச்சட்டம் வன்மரமாக இருக்க வேண்டும், திருகின் முழு நீளமும் மரத்துக்குள்ளேயே அடங்கும் அகலத்தில். பூட்டு வரும் உயரத்தில் 300 மி.மீ. நீளத் திண்டு மரம், க்ளோசர் வரும் மேல் மூலையில் அதற்கேற்ற திண்டு, இரண்டையும் அழுத்தும் முன்பே வைத்துவிட வேண்டும். கதவு முடிந்த பிறகு ‘க்ளோசரை இந்தப் பக்கம் மாற்றுங்கள்’ என்றால் அங்கே மரம் இருக்காது. திண்டுகள் எங்கே இருக்கின்றன என்று கதவின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கும் பட்டறைகள் உண்டு. பின்னால் வரும் தச்சர் அவர்களை வாழ்த்துவார்.

சட்டத்துக்கு மரம் தேர்ந்தெடுப்பதில் நிறமோ பேரோ முக்கியமல்ல, அடர்த்தி முக்கியம். 60 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் கன மீட்டருக்கு 640, 650 கிலோவுக்குக் குறையாத மரம் கேட்பார்கள். வேங்கை, கோங்கு, மலேசிய சால் இவை தாண்டும். தேக்கு அந்த எல்லையை ஒட்டி நிற்கும், துண்டுக்குத் துண்டு மாறும். ஆகவே எடைபோட்டுப் பார்க்க வேண்டும்: 100 மி.மீ. நீளத் துண்டு வெட்டி, கன அளவு கணக்கிட்டு, தராசில் வைத்தால் ஐந்து நிமிட வேலை. மரத்தின் உட்பகுதியான வைரம் மட்டும், வெளிப்பகுதியான வெளிறு கூடாது. ஓரத்துக்கு வந்த முடிச்சு எரியும்போது தெறித்து விழுந்து துளை விடும்.

ஈரம் 12 சதவீதம் சுற்றி இருக்கட்டும். ‘ஆறு மாதம் காய்ந்த மரம்’ என்ற உத்தரவாதம் ஈரம் அளக்கும் மீட்டர் முன் நிற்காது. திறந்தவெளிக் கிடங்கில் மழைக்காலம் கழிந்த மரம் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். துண்டின் நடுவை அறுத்து, அறுத்த முகத்தில் ஊசி குத்திப் பார்க்க வேண்டும்.

பசை பற்றி. தச்சர் கைக்கு முதலில் வருவது வெள்ளைப் பசை. அது சூட்டில் இளகும் வகை. கதவின் விளிம்பில் ஒட்டும் மரக்கீற்றான ஓரப்பட்டையை அதில் ஒட்டினால், தீப்பக்கம் சூடேறியதும் ஓரப்பட்டை கழன்று தொங்கும், உப்பும் பட்டை பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போகும். யூரியா ஃபார்மால்டிஹைடு, ரெசார்சினால், பாலியூரித்தேன் போன்ற, இறுகினால் மீண்டும் இளகாத பசைகளில் அறிக்கை எதைச் சொல்கிறதோ அது. ஓரப்பட்டை 6 முதல் 18 மி.மீ. தடிமனுக்குள். 8, 10 வைத்தால் பின்னால் இழைத்துச் சரிசெய்யக் கொஞ்சம் இடமிருக்கும்.

இருபுற வெனீரும் ஒரே தடிமன், ஒரே வகை. முன்முகத்துக்குத் தேக்கு வெனீர், பின்முகத்துக்கு லேமினேட் என்று செலவை மிச்சம் பிடித்தால் கதவு வில்லாகும். சென்னையில் மாடிப்படிக் கதவுக்கு ஒரு முகம் ஏசி தாழ்வாரம், மறுமுகம் ஜன்னல் திறந்த படிக்கூண்டு. ஒரு பக்கம் வறண்ட காற்று, ஒரு பக்கம் கடல் ஈரம். வளைவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பாலிஷை மேல் ஓரம், அடி ஓரம், பூட்டுக்குழி எல்லாவற்றிலும் போட்டு மூடினால்தான் இந்த இழுபறி மெதுவாகும். அடி ஓரத்துக்குப் பாலிஷ் போடாமல் தொங்கவிட்ட கதவு, தரை துடைக்கும் தண்ணீரைத் தினமும் குடிக்கும்.

மூன்று மில்லிமீட்டர்

கதவுக்கும் நிலைக்கும் நடுவே மூன்று பக்கமும் 3 மி.மீ., 2-க்குக் குறையாமல் 4-ஐத் தாண்டாமல். இந்தச் சந்தை மூடுவது, கடையில் இன்டியூமசென்ட் என்று கேட்டு வாங்கும், சூட்டில் உப்பும் பட்டை. 60 நிமிடக் கதவில் பொதுவாக 15 மி.மீ. அகலம் 4 மி.மீ. தடிமனுள்ள பட்டை இரண்டு ஓடும், 30 நிமிடத்தில் ஒன்று. நிலையிலோ கதவின் ஓரத்திலோ காடி எடுத்துப் பதிப்பார்கள். கிராஃபைட் வகை 200 டிகிரியை ஒட்டி உப்பும், சோடியம் சிலிகேட் வகை அதற்கு முன்னரே. சிலிகேட் வகை ஈரத்தையும் காற்றின் கரியமில வாயுவையும் ஏற்று வருடக்கணக்கில் வீரியம் இழக்கும் என்பதால் அதைப் பூச்சில் பொதிந்து விற்கிறார்கள். நீளத்துக்கு அறுத்தால் அறுத்த முனை திறந்துவிடும், அதை உடனே அடைக்க வேண்டும். கடலோர ஊரில் கிராஃபைட் வகை நிம்மதி.

சந்து 5, 6 மி.மீ. ஆனால் என்ன? பட்டை உப்பி நிரப்புவதற்குள் சூடான வாயு ஓரத்தைக் கரியாக்கிவிடும். கரி உதிர்ந்து சந்து இன்னும் அகலும், பட்டை காற்றில் உப்பி விழும். 1 மி.மீ. ஆக இறுகினால் வேறு தொல்லை: மழைக்காலத்தில் கதவு முழுதாக மூடாது, தாழ் விழாது, க்ளோசரின் பலமும் போதாது. மூடாத தீத்தடுப்புக் கதவு திறந்த வாசல்தான்.

ஈரத்தின் கணக்கையும் பார்க்கலாம். தேக்கு அதிகம் நகராத மரம், ஆனாலும் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் குறுக்கே சுமார் 0.2 சதவீதம் நகரும். 100 மி.மீ. அகலச் சட்டத்தில், கோடையிலிருந்து மழைக்காலத்துக்கு 4 சதவீதம் ஏறினால் சுமார் 0.8 மி.மீ. இரு பக்கச் சட்டமும் சேர்ந்து 1.6. மூன்றில் பாதி போய்விட்டது. சட்டத்தைத் தேவைக்கு மேல் அகலமாக வைக்காமல் இருப்பதும், சித்திரை, வைகாசியில் பொருத்தும் கதவுக்கு 3.5 பக்கம் வைப்பதும், மார்கழிக்கு முன் பொருத்தினால் 2.5 பக்கம் வைப்பதும் இதனால்தான்.

புகை இன்னொரு பிரச்சினை. உப்பும் பட்டை 200 டிகிரிக்குக் காத்திருக்கும். புகையோ அதற்கு வெகுநேரம் முன்பே, ஏறக்குறைய அறைச் சூட்டிலேயே கசியும், ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் அதுதான். அதனால் தூரிகையோ ரப்பர் இதழோ கொண்ட புகைப் பட்டை மூன்று பக்கமும் வேண்டும். அடியில் வாசற்படி வைக்க முடியாது, தப்பி ஓடுபவரின் கால் தடுக்கும். அங்கே கதவை மூடும்போது தானே இறங்கும் அடிப்பட்டை.

இரும்பு சாமான்

கீல் இரும்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், பித்தளையும் 900-ஐத் தாண்டினால் நிற்காது. கடற்கரைப் பக்கம் 316 வகை எஃகு. 90 கிலோ கதவுக்கு நான்கு கீல், இரண்டு மேலே நெருக்கமாக, ஏனென்றால் இழுவை முழுதும் மேல் கீலில். கீலின் தகடு பட்டையை முழுதும் வெட்டிவிடாமல் ஒரு கீற்றாவது தொடர்ந்து ஓட வேண்டும். தகட்டின் அடியில் 1 மி.மீ. உப்பும் தாள். பூட்டுக்குழிக்குள்ளும் அதே தாள், ஏனென்றால் 60 மி.மீ. கதவில் பூட்டு உட்கார்ந்த இடத்தில் மிஞ்சும் மரம் பக்கத்துக்குச் சுமார் 20 மி.மீ. மட்டுமே. ரவுட்டரால் எடுத்த குழி பூட்டைவிட ஒன்றிரண்டு மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்கட்டும். உளியால் அகட்டியெடுத்த குழி காற்றுக்குழாய் ஆகிவிடும்.

க்ளோசருக்கு ஐரோப்பியத் தரநிலை இ.என். 1154-ன் அளவு எண்கள் உதவும்: எண் 3 என்பது 950 மி.மீ., 60 கிலோ வரை. எண் 4 என்பது 1,100 மி.மீ., 80 கிலோ வரை. எண் 5 என்பது 1,250 மி.மீ., 100 கிலோ வரை. நம் கதவு அகலத்தில் 4-க்கு அடங்கும், எடையில் அடங்காது. ஆகவே 5. கடைக்காரர் அகலம் மட்டும் கேட்டு 4 எடுத்துத் தருவார். இரட்டைக் கதவென்றால் எது முதலில் மூடுவது என்று ஒழுங்குபடுத்தும் கருவியும் சேரும். அது இல்லாவிட்டால் மேலே படியும் கதவு முந்திக்கொண்டு மற்றதை வெளியே நிறுத்திவிடும்.

காற்று வரட்டும் என்று கதவுக்கு முட்டுக்கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம், அதுவும் பல இடங்களில் தீயணைப்பானையே முட்டாக வைத்து. திறந்தே இருக்க வேண்டிய வழி என்றால் மின்காந்தப் பிடிப்பானை அபாய மணியோடு இணைத்துவிடலாம். மணி ஒலித்ததும் மின்சாரம் அறுந்து கதவு தானே மூடும்.

முகத்தில் செய்யக்கூடியவை

செட்டிநாட்டுச் சாயலில் பேனல் கதவு கேட்பார்கள். உண்மையான பேனல் கதவில் பலகையின் ஓரம் காடிக்குள் நுழையும் இடத்தில் 8, 10 மி.மீ. ஆக மெலிந்திருக்கும். தீ அங்கே முதலில் நுழையும், அதற்கு முன்பே பலகை சுருங்கிக் காடியை விட்டு வெளியேறும். வழி: தட்டையான தீத்தடுப்புக் கதவைச் செய்து, அதன் முகத்தில் பீடிங் ஒட்டிப் பேனல் தோற்றம் தருவது. மேலே ஒட்டுவது தடிமனைக் குறைப்பதில்லை. ரவுட்டரால் முகத்தில் கோடு இழுப்பது குறைக்கும். அதற்கு அறிக்கையில் அனுமதி இருக்கிறதா, எத்தனை மி.மீ. ஆழம் வரை என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடி வைக்க விரும்பினால் அது சோதித்த கதவிலும் இருந்திருக்க வேண்டும். டஃபன்டு கண்ணாடி உதிர்ந்து விழும், அது தீக்கண்ணாடி அல்ல. தீக்கண்ணாடியைச் சுற்றி உப்பும் பட்டை, வன்மர பீடிங், பீடிங்கின் மேல்முகம் கண்ணாடியிலிருந்து சரிந்து போகும்படி, திருகு 150 மி.மீ.க்கு ஒன்று, கண்ணாடிக்கு அடியில் போகும்படி சாய்த்து. சிறு ஆணியால் அடித்த பீடிங் கரியானதும் கண்ணாடி அப்படியே சரியும்.

பெயின்ட் விஷயத்தில் ஒரு தெளிவு: தீப்பரவலைத் தடுக்கும் வார்னிஷ் சாதாரணக் கதவைத் தீத்தடுப்புக் கதவாக்காது. அது முகத்தில் சுடர் ஓடும் வேகத்தைக் குறைக்கும். கதவு எத்தனை நிமிடம் தாங்கும் என்பது வேறு கேள்வி.

பாரம்பரியக் கட்டடங்களில் கதை மாறும். சேப்பாக்கம் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்ததை நகரம் பார்த்தது. அப்படிப்பட்ட கட்டடத்தின் உயரமான பழைய தேக்குக் கதவை எடுத்து எறிய மனம் வராது, எறியவும் கூடாது. பேனலின் உள்முகத்தில் மெல்லிய கனிமப் பலகை, ஓரத்தில் பட்டை, படியைத் தடிப்பாக்குவது என்று அதைத் தேற்றலாம். ஆனால் அதற்குச் சான்று கதவுக்குக் கதவு மதிப்பீட்டாளர் தருவதுதான். 120 நிமிடத்தை அதிலிருந்து எதிர்பார்க்காமல், பின்னால் இன்னொரு கதவு வைக்க இடம் தேடுவது சரி.

சுவரில் நிறுத்துவது

நிலைக்கும் சுவருக்கும் நடுவே விட்ட 8 மி.மீ.யைப் பெரும்பாலும் நுரை ஸ்ப்ரே அடித்து மூடுவார்கள். சாதாரண நுரை சில நிமிடத்தில் உருகி எரிந்துவிடும். கனிமக் கம்பளியை இறுக அடைத்து, இருபுறமும் 10 மி.மீ. ஆழத்துக்கு உப்பும் சீலன்ட். பிறகுதான் அலங்காரப் பட்டை. நிலையைச் சுவரோடு பிடிக்கும் எஃகு நங்கூரத் திருகுகள் ஒன்றுக்கொன்று 600 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. காற்றுக்குமிழ் நிறைந்த இலகு கான்கிரீட்டான ஏ.ஏ.சி. கல் சுவரென்றால் அதற்கென்ற நங்கூரம், இல்லையேல் க்ளோசர் இழுத்து இழுத்துச் சில மாதத்தில் நிலை ஆடும். பொருத்தியபின் பெயின்டர் வருவார். பட்டையின்மேலும் புகைத் தூரிகையின்மேலும் பெயின்ட் போகாமல் டேப் ஒட்டுங்கள். கதவின் மேல் ஓரத்திலோ கீல் ஓரத்திலோ உள்ள அடையாளத் தகட்டை அவர் மூடிவிட்டால், ஆய்வுக்கு வருபவருக்கு அது பெயரில்லாத மரக் கதவு.

ஒவ்வொரு கதவுக்கும் எண், அறிக்கை எண், கீல், பூட்டு மாதிரி, பொருத்திய நாளில் அளந்த சந்து, இவை ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். புரட்டாசியில் மழைக்கு முன்பும், தையில் மழைக்குப் பின்பும் 3 மி.மீ. அளவுத் தகட்டைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். கதவைக் கை அளவு திறந்து விட்டால் தானே போய்த் தாழ் விழ வேண்டும். உப்பியிருந்தால் பூட்டுப் பக்க ஓரப்பட்டையை மட்டும் இழைக்கலாம், 2 மி.மீ.க்கு மேல் போகாமல், கீல் பக்கத்தைத் தொடாமல். அதற்கு மேல் இழைக்க வேண்டியிருந்தால் பழைய ஓரப்பட்டையைக் கழற்றிப் புதிதாக ஒட்டுவதுதான் முறை. இழைத்த ஓரத்துக்கு அன்றைக்கே பாலிஷ் போட்டு மூடிவிடுங்கள், அடுத்த மழை வரை தள்ளிப்போட வேண்டாம்.